சிறு தகட்டில் பெருங்காட்சி

கொள்ளும் கலம் சிறிதாகவும் கொள்ள வேண்டிய பொருள் பெரிதாகவும் இருத்தல் உலக வாழ்வில் அடிக்கடி நேரும் நிலையாகும். வெளியூர் செல்வோர் பெட்டியில் உடைகளை அடுக்கும்போதும், உழவர் விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டும்போதும், மாணவர் தாம் ஓராண்டு கற்றதைத் தேர்வுத்தாளின் சில பக்கங்களில் எழுதும்போதும் இந்நிலையைக் காணலாம். அவ்வேளையில் அறியாதார் பொருளை அழுத்தித் திணிப்பர். அறிந்தார் எது வேண்டும், எது வேண்டா என ஆராய்ந்து அமைப்பர். திணித்தல் எளிது, அமைத்தல் அரிது.

அமைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் ஒவ்வொரு குறட்பாவையும் ஏழு சீர்களில் முடித்தார். அறமும் பொருளும் இன்பமும் 1330 குறட்பாக்களில் அடங்கின. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினோர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டாரல்லர். மெய்யெழுத்தின்மேல் புள்ளியும் பெரும்பாலும் இட்டாரல்லர். புள்ளி குத்தினால் ஓலை பொத்தல் படும்; இடைவெளி விட்டால் ஓலை போதாது. படிப்போர் தம் மொழியறிவால் விடுபட்டதை நிரப்பிக்கொள்வர் என்னும் துணிவே அவர்களை அங்ஙனம் எழுதச் செய்தது. எழுதுவோர் தொகுத்தனர், படிப்போர் விரித்தனர்.

அக்கலையே இன்று கணிப்பொறித் துறையிலும் வேண்டப்படுகின்றது. நீண்ட காணொளி ஒன்றை டிவிடி எனப்படும் ஒளித்தகட்டில் அடக்க முயல்வோர், பழைய ஏடெழுதுவோர் கண்ட இடர்ப்பாட்டையே வேறு வடிவில் காண்கின்றனர். அவர்கள் அதனை வெல்லும் வகை அறிந்து மகிழத்தக்கது.

டிவிடி தகட்டின் இலக்கணம் 1995-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 1996-இல் அது சப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பயன்படுத்துவோர் தாமே பதிவு செய்துகொள்ளத்தக்க தகடு 1997-இல் வெளிவந்தது. தகட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். அதனுள், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, நத்தையோட்டின் சுழி போன்று ஒரே தடம் சுற்றிச் சுற்றிச் செல்கின்றது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. சரியாகச் சொன்னால் 0.74 கூறு. அத்தடத்தை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 11.8 கிலோமீட்டர் நீளும். பதிவு செய்யும் தகட்டில் சாயப்படலம் ஒன்று பூசப்பட்டிருக்கும். செந்நிற லேசர் கதிர் அப்படலத்தைச் சுட்டுப் புள்ளிகளை உண்டாக்குகின்றது. அப்புள்ளிகளே எழுத்து, அக்கதிரே எழுத்தாணி.

இத்துணை நுட்பமாக எழுதியும் ஓரடுக்குத் தகடு கொள்வது 470 கோடி பைட்டுகளே. கேட்பதற்கு இது பேரெண்ணாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அன்று என்பது விளங்கும். இந்தியாவில் வழங்கிய தொலைக்காட்சி முறைக்கேற்ற டிவிடி படம் ஒன்று, அகலத்தில் 720, உயரத்தில் 576 ஆகப் படப்புள்ளிகள் கொண்டது. இரண்டையும் பெருக்க 4,14,720 வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் ஒவ்வொரு பைட்டு வேண்டும். ஆகவே ஒரு படத்திற்கு 12,44,160 பைட்டுகள் தேவை. ஒரு நொடியில் 25 படங்கள் ஓடுகின்றன. எனவே நொடிக்கு 3,11,04,000 பைட்டுகள் தேவை. இவ்வாறு உள்ளதை உள்ளவாறே எழுதினால், முழுத் தகடும் இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். மூன்று மணி நேர விழாவொன்றைப் பதிய 72 தகடுகள் வேண்டியிருக்கும். ஆயினும் கடைகளில் விற்கும் ஒரு தகட்டில் முழுத் திரைப்படமும் அடங்கியிருக்கக் காண்கின்றோர் பலர். அஃது எவ்வாறு இயல்கின்றது?

தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதன் விடை எளிதில் விளங்கும். நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எடுத்துரைக்கின்றார். முன்பு சொன்னதையே மீண்டும் சொல்லுதல் அவற்றுள் ஒன்று. ‘கூறியது கூறல்’ என்பது அதன் பெயர். காணொளியில் இக்குற்றம் நிறைந்து கிடக்கின்றது. மேடையில் ஒருவர் நின்று பேசுகின்றார் எனக் கொள்க. அவருடைய உதடுகளும் கைகளும் அசைகின்றன. பின்னால் உள்ள திரைச்சீலையும் தோரணமும் அசையவில்லை. நொடிக்கு 25 முறை அத்திரைச்சீலையை மீண்டும் மீண்டும் எழுதுவது வீண் அன்றோ? ஆதலால் ஒரு படத்தை முழுமையாக எழுதி, அடுத்து வரும் படங்களில் மாறுபட்டதை மட்டும் எழுதுகின்றனர். வண்டியொன்று வலப்புறம் நகருமாயின், வண்டியை மீண்டும் தீட்டாமல், ‘முன்னிருந்த பகுதி இத்துணைத் தொலைவு நகர்ந்தது’ என்று குறித்துவிடுகின்றனர். ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை மீண்டும் ஒரு முழுப்படம் எழுதப்படும். டிவிடி தகட்டிற்குரிய எம்பெக்-2 என்னும் முறை இவ்வகையில் அமைந்ததே.

‘பால் குடித்தான்’ என்னும் தொடரில் ‘ஐ’ என்னும் உருபு மறைந்து நிற்கின்றது. ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் மறைந்து நிற்கின்றன. சொல்லுவோன் தொகுத்துச் சொல்ல, கேட்போன் விரித்துப் பொருள் கொள்ளுகின்றான். தகட்டை ஓட்டும் டிவிடி பிளேயர் செய்யும் தொழிலும் இதுவே. தகட்டில் இருப்பது தொகை. திரையில் தோன்றுவது விரி.

மாறுபாட்டை மட்டும் எழுதினால் போதாது. அதனையும் சுருங்கிய குறிகளால் எழுத வேண்டும். அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் பயின்று வந்தார். தேர்வு எழுதலாம், அல்லது ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்டு கட்டுரை வரையலாம் என்று அவருடைய பேராசிரியர் அறிவித்தார். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தார். அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் தரும் மிகச் சிறந்த முறையை அவர் கண்டறிந்தார்; அது 1952-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு மாணவரின் வகுப்புக் கட்டுரையில் பிறந்த கருத்து இன்றளவும் படங்களைச் சுருக்கப் பயன்படுகின்றது.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்னும் அறிஞரின் வரலாறும் அறியத்தக்கது. படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறுவதையும் விரைந்து மாறுவதையும் கணித முறையால் வேறு வேறாகப் பிரிக்கலாம் என அவர் எண்ணினார். அவ்வாறு பிரித்தால், கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண்மாறுபாடுகளைக் குறைத்துவிடலாம். 1972-ஆம் ஆண்டில் இவ்வாய்வுக்கு அவர் பொருளுதவி வேண்டினார். கருத்து மிக எளிதாக உள்ளது என்னும் மறுமொழியோடு அவ்வேண்டுகோள் தள்ளப்பட்டது. அவர் சோர்ந்தாரல்லர். டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974-இல் அம்முறையை வெளியிட்டார். எளிது எனத் தள்ளப்பட்ட அக்கருத்தே பின்னர் எம்பெக்-2 முறைக்கு அடிப்படையாயிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கூறியது கூறலை நீக்குதல் நன்று. ஆயினும் சுருக்கம் எல்லை கடந்தால் ‘குன்றக் கூறல்’ என்னும் வேறொரு குற்றம் வந்து சேரும். தகட்டில் இடம் போதாதபோது கணிப்பொறி நுண்மைகளை மேலும் மேலும் விலக்குகின்றது. அப்போது முகத்தின் மென்மை மறைகின்றது. நீல வானம் படிப்படியான பட்டைகளாகத் தோன்றுகின்றது. விரைந்து அசையும் காட்சி கட்டம் கட்டமாகச் சிதறுகின்றது. இவ்வாறு விலக்கப்பட்டதைப் பின்னர் எக்கருவியாலும் மீட்க இயலாது. சிதைந்த ஏட்டில் செல்லரித்துப்போன அடிகளை எத்துணைப் பெரும்புலவரும் உய்த்துணர்ந்து முழுமையாக மீட்க இயலாதவாறு போல்வது இது.

ஆகவே பெரிய காணொளியைத் தகட்டில் அடக்க முனைவோர் முதலில் கணக்கிட வேண்டும். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டு. ஆகவே 470 கோடி பைட்டு என்பது 3,760 கோடி பிட்டு. காணொளி ஓடும் நொடிகளால் இதனை வகுத்தால், ஒரு நொடிக்குக் கிடைக்கும் பங்கு தெரியவரும். இரண்டு மணி நேரக் காட்சிக்கு நொடியொன்றுக்கு 52 இலட்சம் பிட்டு கிடைக்கும். மூன்று மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 35 இலட்சமே கிடைக்கும். டிவிடி முறை காட்சிக்கு இசையும் மிக உயர்ந்த அளவு நொடிக்கு 98 இலட்சம். அவ்வளவு தாராளமாக எழுதினால் தகடு ஒரு மணி நேரத்திற்கே போதும்.

கணக்கில் வழுக்கும் இடங்கள் இரண்டு உள. தகடு செய்வோர் ஆயிரத்தை ஆயிரமாகவே எண்ணுவர். கணிப்பொறிகள் பல 1,024 என்னும் எண்ணை அடிப்படையாகக் கொண்டு எண்ணும். அதனால் உறையின்மேல் 4.7 ஜிகாபைட்டு என அச்சிட்ட தகடு, அத்தகைய கணிப்பொறியில் 4.38 என்றே காட்டும். திரையில் 4.5 எனக் காணும் கோப்பை 4.7 தகட்டில் எழுதிவிடலாம் என நம்புவோர் ஏமாற்றம் அடைவர். இரண்டாவது, ஒலியை மறத்தல். ஒலியைச் சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 15,36,000 பிட்டு செலவாகும். மூன்று மணி நேரத்தில் அது 207 கோடி பைட்டாகித் தகட்டின் பாதிக்குச் சற்றுக் குறைந்த இடத்தை விழுங்கிவிடும். அதனையே நொடிக்கு 1,92,000 பிட்டாகச் சுருக்கினால் 26 கோடி பைட்டில் அடங்கும். பேச்சையும் பாட்டையும் கேட்போர் அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் உணரார்.

கணக்கிட்ட பின்னும் இடம் போதாதாயின் வழிகள் பல உள. 850 கோடி பைட்டு கொள்ளும் ஈரடுக்குத் தகட்டை நாடலாம். காட்சியை இரண்டு தகடுகளில் பகுக்கலாம். வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கலாம். எல்லாவற்றையும் மேலும் சுருக்கலாம். இவற்றுள் எது தக்கது என்பதைக் கருவி சொல்லாது. தகட்டில் இருப்பது யாருடைய வாழ்வு, அதனைக் காணப்போவோர் யார் என்பவற்றை அறிந்தவரே முடிவு செய்ய இயலும். பின்வரும் நிகழ்ச்சி இதனை விளக்கும்.

2009-ஆம் ஆண்டில், சிற்றூர் ஒன்றில், எண்பத்து நான்கு அகவை நிறைந்த தலைமையாசிரியர் ஒருவர்க்கு அவருடைய பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுத்தனர். விழா மூன்று மணி நேரம் நடந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த இளைஞர் ஒருவர் அதனைச் சிறு நாடாக்கள் மூன்றில் பதிந்தார். ஒரு மணி நேர நாடாவைக் கணிப்பொறியில் ஏற்றினால் 1,300 கோடி பைட்டு ஆகும். மூன்றுக்கும் 3,900 கோடி. தகடு கொள்வதோ அதில் எட்டில் ஒரு பங்கு. தலைமையாசிரியர் வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று இருந்தது. அஃது ஈரடுக்குத் தகட்டை ஏற்க மறுத்தது. அவர்க்குக் கண்பார்வை மங்கியிருந்தது. அவர் மனைவியார்க்கோ மூட்டுவலி. இடையில் எழுந்து தகட்டை மாற்றுவது இருவர்க்கும் அரிது. எனவே ஒரே தகட்டில் எல்லாம் அடங்க வேண்டும் என்பது முடிவாயிற்று.

இளைஞர் முதலில் எளிய வழியை மேற்கொண்டார். மூன்று மணி நேரத்திற்கும் ஒரே சீராக நொடிக்கு 32 இலட்சம் பிட்டு ஒதுக்கி எழுதினார். பேச்சுகள் ஒருவாறு நன்றாக வந்தன. ஆனால் தலைமையாசிரியர்மேல் மாணவர்கள் பூச்சொரிந்த காட்சியில் பூக்கள் தோன்றவில்லை. சிறு சிறு ஓடுகளே தோன்றின. சிறுமியர் ஆடிய கோலாட்டத்தில் கோலும் கையும் ஒன்றாகக் கலங்கின. விழாக்குழுத் தலைவர் அதனைக் கண்டு மனம் வருந்தினார். அவரும் அத்தலைமையாசிரியரிடம் பயின்றவரே.

“ஐயா, மூன்று மணி நேரமும் ஒரே தகட்டில் தெளிவாக வராது. சில பகுதிகளை நீக்கினால்தான் மற்றவை தெளிவு பெறும்” என்றார் இளைஞர்.

தலைவர் காட்சிகளை ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். “தம்பி, இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எடுத்துவிடு. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஐயா பெயர்களைச் சொல்வதும் இடையிடையே சும்மா இருப்பதுமாக இருக்கிறதே” என்றார்.

அப்பகுதி வருகைப் பதிவு. தலைமையாசிரியர் 1964-ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பில் தம்மிடம் பயின்ற 32 மாணவர்களின் பெயர்களையும், கையில் ஏடு எதுவும் இல்லாமல், அன்று அழைத்த வரிசையிலேயே அழைத்தார். வந்திருந்தவர்கள் தத்தம் இருக்கையிலிருந்து எழுந்து “உள்ளேன் ஐயா” என்றனர். ஒன்பது பெயர்களுக்கு விடை இல்லை. அந்த ஒன்பதின்போதும் அவர் சற்றுநேரம் வாளா நின்று, பின்னரே அடுத்த பெயரைச் சொன்னார்.

இளைஞர் உடனே மறுமொழி கூறவில்லை. இவ்வளவு இடத்தை எப்பகுதிக்குத் தருவது என்பதைக் கணிப்பொறியே ஆராய்ந்து பங்கிடும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் கணிப்பொறி காட்சி முழுவதையும் ஒருமுறை தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்து அளவிடும்; இரண்டாம் முறையே எழுதும். விருந்தினர் தொகையையும் அவரவர் பசியையும் முன்னரே அறிந்து பந்தி பரிமாறுவோர் போல, அசைவு மிகுந்த இடத்திற்கு மிகுதியாகவும் அசைவு குறைந்த இடத்திற்குக் குறைவாகவும் அது பங்கிடும். இளைஞர் அம்முறையில் அளவிட்ட கோட்டுப்படத்தைத் தலைவர்க்குக் காட்டினார்.

“ஐயா, இங்கே பாருங்கள். வருகைப் பதிவின்போது கேமரா முக்காலியின்மேல் நின்றது. ஐயா முகம் ஒன்றுதான் காட்சி. ஆகையால் நொடிக்கு 20 இலட்சம் பிட்டே போதும். பன்னிரண்டு நிமிடத்திற்கும் சேர்த்து 18 கோடி பைட்டு. விழா தொடங்குமுன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தினூடே இருபது நிமிடம் நடந்தேன் அல்லவா? அதற்கு நொடிக்கு 60 இலட்சம் வேண்டியிருக்கிறது. மொத்தம் 90 கோடி. ஐயா சும்மா நின்ற நேரத்தை நீக்கி மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான்.”

தலைவர் வியந்தார். நீளமே இடத்தைத் தின்னும் என்று அவர் எண்ணியிருந்தார். இடத்தைத் தின்பது நீளம் மட்டும் அன்று, ஆரவாரமும்தான் என்பது அப்போது தெரிந்தது. இளைஞர் அப்பன்னிரண்டு நிமிடத்தையும் மீண்டும் ஓட்டினார். விழாவன்று தலைவர் கூட்டத்தின் கடைசியில் பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். தம் பெயர் கேட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஆசிரியரின் முகத்தை அவர் காணவில்லை. இப்பொழுது திரையில் கண்டார். தம் பெயருக்கு அடுத்த பெயர் அவருடன் ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழருடையது. அத்தோழர் இறந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அப்பெயரைச் சொல்லிவிட்டு ஆசிரியர் காத்து நின்றார். விடை வராதென அறிந்தும், வகுப்பில் காத்திருப்பது போலவே காத்திருந்தார். அவர் உதடுகள் அப்பெயரை ஒலியின்றி மற்றொரு முறை சொல்லி அடங்கின.

தலைவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “இது இருக்கட்டும் தம்பி. நான் பொன்னாடை போர்த்தியதை எடுத்துவிடு” என்றார்.

இளைஞர் அதனையும் முழுவதும் நீக்கினாரல்லர். நாற்பது பேர் ஒருவர்பின் ஒருவராகப் பொன்னாடை போர்த்தியிருந்தனர். ஒவ்வொருவரும் தம் முகத்தை அத்தகட்டில் தேடுவர் என்பதை அவர் அறிவார். ஆகவே ஒருவரையும் விலக்காமல், அவர்கள் மேடைக்கு நடந்து வந்ததையும் திரும்பிச் சென்றதையும் மட்டும் நீக்கினார்; அதனால் பத்து நிமிடம் மிஞ்சிற்று. கூட்டத்தினூடே நடந்த இருபது நிமிடத்தை எடுத்தார். சிறப்பு விருந்தினர் வருகைக்காகக் காத்திருந்த ஐந்து நிமிடத்தையும் எடுத்தார். மூன்று மணி நேரம் 145 நிமிடமாயிற்று. நொடிக்குக் கிடைத்த பங்கு 40 இலட்சம் பிட்டாக உயர்ந்தது. இருமுறை அளந்து எழுதும் முறையால், பூச்சொரிந்த காட்சியும் கோலாட்டமும் தமக்கு வேண்டிய மிகுதியைப் பெற்றன. முகம் அசையாத அந்த ஒன்பது இடைவெளிகளும் தமக்கு வேண்டிய சிறிதளவைப் பெற்றன. விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டு, தகட்டை விரைவின்றி எழுதி, முழுவதும் ஓட்டிப் பார்த்த பின்னரே இளைஞர் அதனைத் தலைவரிடம் தந்தார்.

நாடாக்கள் மூன்றும் உறையிலிட்டு விழாக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. கணிப்பொறியில் ஏற்றிய பெருங்கோப்புகள் வேறொரு சேமிப்புக் கருவியிலும் வைக்கப்பட்டன. இதுவும் போற்றத்தக்க செயல். தகடு ஒரு படியே, மூலம் அன்று. சாயப்படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் கெடும். கீறல் விழுந்தால் கதிர் தடுமாறும். சுருக்கிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர், பின்னொரு நாள் தெளிவான படி வேண்டுமென்றால் எங்கும் பெற இயலாது. மூலம் இருக்குமாயின் காலத்திற்கேற்ற கருவியில் மீண்டும் ஒரு படி எடுத்துக்கொள்ளலாம்.

இன்று டிவிடி தகட்டின் வழக்கு பெரிதும் குறைந்துவிட்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு இடும் வாயிலே இல்லை. காணொளிகள் கைப்பேசியிலும் நினைவகத் துண்டிலும் குடியேறிவிட்டன. ஆயினும் இடர்ப்பாடு மறையவில்லை. இடம் மட்டுமே மாறியது. 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.264 போன்ற முறைகள் எம்பெக்-2 முறையினும் திறமாகச் சுருக்குகின்றன. படங்களும் அதற்கேற்பப் பெருகி வளர்ந்துவிட்டன. கைப்பேசியில் எடுத்த காணொளியைச் செய்திச் செயலி வழியே உறவினர்க்கு அனுப்பும்போதும், அச்செயலி அதனைச் சுருக்கியே அனுப்புகின்றது. தாத்தாவின் குரலையும் தங்கையின் முதல் நடையையும் அவ்வாறு வந்த படியாக மட்டும் வைத்திருப்போர், மூலத்தை வேறோரிடத்தில் காத்து வைத்தல் நலம்.

சிறிய இடத்தில் பெரிய பொருளை அமைக்கும் கலை மூன்று பண்புகளை வேண்டி நிற்கின்றது. முதலாவது, தொடங்குமுன் அளந்தறிதல். அளவாமல் தொடங்கியவர் முடிவில் கடைசிப் பகுதியை இழப்பர். இரண்டாவது, கூறியது கூறலைக் களைதல். அதனால் எவர்க்கும் இழப்பில்லை. மூன்றாவது, நீக்கத்தகாததை அறிதல். முன்னைய இரண்டையும் கணிப்பொறி மனிதரினும் விரைவாகச் செய்யும். எங்கே அசைவு மிகுதி, எங்கே குறைவு என்பதை அது நொடிக்கு நொடி எண்ணிச் சொல்லும். விடை வராத ஒரு பெயருக்குப்பின் முதிய ஆசிரியர் நின்ற நிலைக்கு உரிய மதிப்பை அது சொல்லாது. அதனை அறிந்து காப்பது மனிதர் கடமை.

தேர்வுத்தாளில் விடை எழுதும் மாணவர்க்கும், கடிதம் வரைவோர்க்கும், மேடையில் சில நிமிடமே பேச வாய்ப்புப் பெற்றோர்க்கும் இம்மூன்று பண்புகளும் பொருந்தும். ஆரவாரத்தைக் குறைத்தால் இடம் பெருகும்; பெருகிய இடத்தில் இன்றியமையாதது தெளிவாக நிற்கும்.